வேல்ஸ் சட்டநூல்களில் அசல் பாடம் எது?

கேள்வி இதுதான்: “ஹவெல் தா என்ற மன்னர் 10ஆம் நூற்றாண்டில் தொகுத்தது வேல்ஸ் நாட்டுச் சட்டம் என்கிறார்கள். ஆனால் சுவடிக்குச் சுவடி வரிசையும் மாறுகிறது, விதியும் மாறுகிறது. இவற்றை யார் தொகுத்தார்கள், எப்படித் திருத்தினார்கள்? அசல் பாடத்தை மீட்க வழி உண்டா?”

பின்பகுதிக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். மீட்க முடியாது. எல்லாச் சுவடிகளுக்கும் தாயான ஒரு முழு நூல் இருந்ததாகக் காட்டும் சான்றும் இல்லை. அதை இழப்பாக நினைக்க வேண்டாம். இந்தச் சுவடிகள் கைத்தொழில்காரரின் கருவிகள் மாதிரி. வழக்காடுபவரும் நீதிபதியும் அன்றாடம் எடுத்துப் புரட்டி, தேய்ந்த இடத்தைச் சரிசெய்து, தேவையானதைச் சேர்த்து, பயன்படாததை விட்டு எழுதிக்கொண்டவை. காவியத்துக்குப் பாடபேதம் பார்ப்பதைப் போல இவற்றைப் பார்த்தால், எது பிழை, எது வேண்டுமென்றே செய்த திருத்தம் என்ற வேறுபாடு கண்ணில் படாமலே போய்விடும்.

ஹவெல் 950 வாக்கில் இறந்தார். கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய சட்டச் சுவடிகளோ 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. இடையில் 300 ஆண்டு. அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ 40 சுவடிகள் எஞ்சியுள்ளன. பெரும்பாலானவை வேல்ஸ் மொழியில் உள்ளன. லத்தீனில் இருப்பவற்றை லத்தீன் ஏ முதல் லத்தீன் இ வரை ஐந்து வடிவங்களாகப் பிரிக்கிறார்கள். வேல்ஸ் மொழிச் சுவடிகள் மூன்று குடும்பங்களாகப் பிரிகின்றன: கவ்னெர்த், ப்ளெகவ்ரிட், யோர்வெர்த். முதல் இரண்டும் தெற்கோடும் நடுநாட்டோடும் தொடர்புள்ளவை. யோர்வெர்த் வடக்கே க்வினெத் நாட்டுக்குரியது. ஒரே குடும்பத்துச் சுவடிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. கவ்னெர்த் குடும்பத்தில் அது மிக அதிகம். அங்கே பொதுப் பாடம் என்று ஒன்றை அச்சிடுவதே சிரமம்.

முன்னுரைகள் சொல்லும் கதையை எடுத்துக்கொள்வோம். யோர்வெர்த் நூலின்படி, ஹவெல் ஒவ்வொரு கன்ட்ரெவிலிருந்தும் ஆறு பேரை டாவ் ஆற்றங்கரையில் இருந்த வெள்ளை வீட்டுக்கு வரவழைத்தார். கன்ட்ரெவ் என்பது நாட்டின் பெரிய நிர்வாகப் பிரிவு. வெள்ளை வீடு இன்றைய விட்லண்ட் ஊர். ஆறு பேரில் நால்வர் பொதுமக்கள், இருவர் திருச்சபைக் கல்வியாளர். தவக்காலம் முழுவதும் கூடியிருந்து பழைய சட்டங்களைப் பார்த்து, சிலவற்றை அப்படியே விட்டு, சிலவற்றைத் திருத்தி, சிலவற்றை முற்றாக நீக்கி, சிலவற்றைப் புதிதாக வைத்தார்களாம். ப்ளெகவ்ரிட் குடும்பம் இதையே வளர்க்கிறது. கூட்டத்திலிருந்து பன்னிரண்டு அறிஞரைத் தேர்ந்தெடுத்து, எழுதுவதற்குப் ப்ளெகவ்ரிட் என்ற கல்விமானையும் அமர்த்தியதாகச் சொல்கிறது. ஹவெல் சட்டத்தோடு ரோமுக்கும் போய் வந்தார் என்று சேர்க்கும் வடிவங்களும் உண்டு. 928இல் அவர் ரோமுக்கு யாத்திரை போனது ஆண்டுக்குறிப்புகளில் பதிவான செய்திதான். சட்டத்தைக் கையில் கொண்டுபோனார் என்பது முன்னுரை எழுதியவர்கள் அதன்மேல் கட்டியது.

ஏன் கட்டினார்கள்? 13ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் சட்டத்துக்கு வெளியிலிருந்து தாக்குதல் வந்தது. கேன்டர்பரி பேராயர் ஜான் பெக்கம், ஹவெலின் சட்டம் பத்துக் கட்டளைகளுக்கே முரணானது என்று எழுதினார். திருச்சபையின் பார்வையில் பழுதானதாகச் சொல்லப்பட்ட சட்டத்துக்கு ஆயர்களையும் போப்பையும் சாட்சிக்கு அழைப்பது தற்காப்பு. ஆகவே முன்னுரை 10ஆம் நூற்றாண்டைப் பற்றிச் சொல்வதைவிட, அது எழுதப்பட்ட காலத்தின் கவலையைத்தான் அதிகம் சொல்கிறது. ஹவெலுக்கும் சட்டத்துக்கும் தொடர்பே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் பெயரில் ஏதோ ஒரு சட்டச் சீரமைப்பு நடந்திருக்கலாம். ஆனால் எந்த வாக்கியம் அவருடையது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

தொகுத்த முறையைப் பற்றி நூல்களே நேரடியாகச் சொல்லும் ஓரிடம் யோர்வெர்த் நூலில் இருக்கிறது. அதன் மூன்றாம் பகுதிக்குச் சோதனை நூல் என்று பெயர். நீதிபதியாக விரும்புபவர் அறிந்திருக்க வேண்டிய பகுதி அது. கொலை, தீவைப்பு, திருட்டு ஆகிய மூன்றும் சட்டத்தின் மூன்று தூண்கள். ஒவ்வொன்றுக்கும் உடந்தையாவதில் ஒன்பது வகை உண்டு. அதோடு காட்டு விலங்கு, வீட்டு விலங்கு ஆகியவற்றின் விலைகளும் வரும். இந்தப் பகுதியின் தொடக்கத்தில், மடாக் மகன் யோர்வெர்த் இதை எங்கிருந்து திரட்டினார் என்ற குறிப்பு இருக்கிறது: மொர்கெனை மகன் கவ்னெர்த்தின் நூல், ரிவான் மகன் க்வைரின் நூல், மொரிதிக் மகன் கொரோன்வியின் நூல், வெள்ளை வீட்டின் பழைய நூல், இவற்றோடு க்வினெத், பொவிஸ், தெஹைபார்த் நாடுகளில் அவர் கண்ட மிகச் சிறந்த நூல்கள்.

இந்த ஒரு வாக்கியத்துக்குள் தொழிலின் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. தொகுப்பவருக்குப் பெயர் உண்டு. அவர் ஆர்வொன் வட்டாரத்துச் சட்டக் குடும்பத்தவர். அவர் கையில் தனியாருக்குச் சொந்தமான பல நூல்கள் இருந்தன. மூன்று நாட்டு நூல்களையும் ஒப்பிட்டுத் தேர்ந்திருக்கிறார். எழுதச் சொல்லி அரசாணை வந்ததாகக் குறிப்பில்லை. வேல்ஸ் சட்டநூல் அரசன் பிறப்பித்த சட்டத் தொகுப்பு என்ற எண்ணத்தை இங்கேயே கைவிட்டுவிடலாம். சட்டம் ஹவெல் பெயரில் வழங்கியது. நூல் வழக்கறிஞர் கையில் வளர்ந்தது.

வளர்ந்த விதத்தை அடுக்கடுக்காகப் பார்க்கலாம். அடியில் இருப்பவை மனப்பாடத்துக்கேற்ற சிறு வாய்பாடுகள். மும்மூன்றாக அடுக்கிய விதிகள், ஒன்பது ஒன்பதாக எண்ணிய பட்டியல்கள், “ஒருவன் இன்னது செய்தால் இவ்வளவு” என்ற ஒற்றை வரிகள். இவை சேர்ந்து ஒரு பொருளைப் பற்றிய சிறு நூலாகின்றன: பெண்கள் சட்டம், பிணை, நிலவழக்கு, கொலைக்கு ஈடு, பயிர்ச்சேதம். தொகுப்பாளர் உண்மையில் கையாண்ட அலகு இந்தச் சிறு நூல்தான். அதனால்தான் இரண்டு குடும்பங்களில் சிறு நூலின் உள்ளடக்கம் நெருங்கியிருந்தும், நூலுக்குள் அது நிற்கும் இடம் வேறாக இருக்கிறது. சிறு நூல்களை இரு பெரும் பகுதிகளாகச் சேர்த்தார்கள். அரசவைச் சட்டங்கள் ஒன்று; அதில் அரசனுக்கும் அரசிக்குமாக 24 அதிகாரிகளின் உரிமைகள் வரும். நாட்டுச் சட்டங்கள் மற்றொன்று.

இதற்குப் பிறகு வருவதை ஆய்வாளர்கள் வால் என்பார்கள். நூல் முடிந்தபின் கடைசியில் ஒட்டியவை: புதிய மும்மைகள் (மும்மூன்றாக அடுக்கிய விதிகள்), மாதிரி வாதங்கள், “இப்படி நேர்ந்தால்” என்று தொடங்கும் கற்பனை வழக்குகள். கடைசி வகை திரண்டு நேர்வுகளின் நூல் என்று தனிப்பெயரே பெற்றது. வாலைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன். உடல்பகுதியை எழுதியவர் மரபுக்குக் கட்டுப்பட்டவர். வாலில் எழுதியவருக்கு அந்தக் கட்டு இல்லை. தன் வட்டாரத்தில் எந்தச் சிக்கல் வந்ததோ அதையே எழுதினார். அடுத்து அந்தச் சுவடியைப் பார்த்து எழுதுபவர் வாலில் உள்ளதைப் பொருத்தமான இடம் பார்த்து உடலுக்குள் நகர்த்துவார். அப்போது தையல் தெரியும். பிணையைப் பற்றிய பகுதியின் நடுவே திடீரென்று “இப்படி நேர்ந்தால்” என்ற நடை வந்தால், அந்த வரி வாலிலிருந்து வந்ததோ என்று சந்தேகிக்க வேண்டும்.

திருத்தம் எப்படி நடந்தது என்பதற்கு நில அளவைப் பகுதியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. யோர்வெர்த் நூலின் கணக்கு இது: ஒரு வீட்டுமனைக்கு 4 எரூ நிலம். எரூ என்பது நில அளவு. 4 மனை சேர்ந்தால் ஒரு பங்கு நிலம், 4 பங்கு சேர்ந்தால் ஒரு பிடி, 4 பிடி சேர்ந்தால் ஓர் ஊர், 4 ஊர் சேர்ந்தால் ஒரு மைனோல். பெருக்கிப் பார்த்தால் 16, 64, 256, கடைசியில் மைனோலுக்கு 1024 எரூ. 12 மைனோலும் 2 ஊரும் சேர்ந்தது ஒரு கும்வுட், அதாவது 50 ஊர். இரண்டு கும்வுட் சேர்ந்தால் 100 ஊர். கன்ட்ரெவ் என்ற சொல்லின் பொருளே நூறு ஊர் என்பதால் கணக்கு அழகாக முடிகிறது.

இந்தக் கணக்கின் அருகிலேயே இன்னொரு வரி நிற்கிறது. 1075இல் இறந்த மன்னர் ப்ளெதின் அப் கன்வின் இதை மாற்றி, உயர்குடியானவனுக்கு 12 எரூ, அவனுக்குக் கீழுள்ள குடிக்கு 8, கட்டுக்குடிக்கு 4 என்று வைத்தாராம். ஆனாலும் மனைக்கு 4 எரூ என்பதே பெருவழக்கு என்று நூல் உடனே சேர்த்துக்கொள்கிறது. ப்ளெதினின் 12ஐயும் 8ஐயும் ஏற்றுக்கொண்டால் 1024 என்ற தொகை நிற்காது. தொகுப்பாளர் திருத்தத்தை விடவும் மனமில்லாமல், கணக்கை உடைக்கவும் மனமில்லாமல் இரண்டையும் வைத்துவிட்டார். எல்லா மாற்றத்தையும் அப்போதைக்கப்போது முழுமையாக ஏற்றுச் சீர்செய்தார்கள் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பழைய விதி நீங்காமல் நின்றது. புதிய விதி அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. “வேறு சிலர் இப்படிச் சொல்வர்” என்ற தொடர் நூல்களில் அடிக்கடி வருவதும் இதே பழக்கத்தால்தான்.

வட்டாரத் திருத்தம் வேறு வகை. அரசனை அவமதித்ததற்கான ஈட்டை வேல்ஸ் மொழியில் சர்ஹைட் என்பார்கள். அதில் பசுக்களோடு பொன்னும் வரும். யோர்வெர்த் நூல், பொன் பெறும் உரிமை அபெர்ஃப்ராவ் அரசனுக்கு மட்டுமே உண்டு என்கிறது. அபெர்ஃப்ராவ் க்வினெத் அரசரின் தலைமை இருக்கை. தெற்கத்திச் சுவடிகளில் அதே உரிமை தினெவூர் அரசனுக்கும் வருகிறது. தினெவூர் தெஹைபார்த்தின் இருக்கை. இதைப் படியெடுத்தவரின் கைப்பிழை என்று ஒதுக்க முடியுமா? எந்த அரசவம்சம் மற்றதற்கு மேல் என்ற வாதம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இரண்டு பாடமும் அவரவர் நாட்டில் சரியான பாடம்தான்.

சில இடங்களில் வேறுபாடு சட்டத்தின் உயிரையே தொடுகிறது. திருச்சபைச் சட்டப்படி மணம்புரிந்த மனைவியின் மூத்த மகனுக்கே தந்தையின் சொத்து என்றும், ஹவெலின் சட்டப்படி மூத்தவனைப் போலவே இளையவனுக்கும் உரிமை என்றும், தந்தையின் பாவத்தை மகன்மேல் ஏற்றக்கூடாது என்றும் யோர்வெர்த் நூல் எழுதுகிறது. எதிர்த் தரப்பைப் பெயர் சொல்லி மறுக்கும் இந்த இடத்தில் தொகுப்பாளர் வாதாடுகிறார் என்பது தெளிவு. 1282-83இல் க்வினெத் இங்கிலாந்திடம் வீழ்ந்தது. 1284இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வேல்ஸுக்கெனப் பிறப்பித்த ஆணைச்சட்டம் குற்றவழக்குகளை இங்கிலாந்து முறைக்கு மாற்றியது. மகன்களுக்குள் நிலம் பங்கிடுவதை அனுமதித்தது. ஆனால் மணவழிப் பிறவாத மகனுக்குப் பங்கில்லை என்று தீர்த்தது. யோர்வெர்த் எதைக் காக்க நினைத்தாரோ அதுவே வெட்டப்பட்டது.

அதற்குப் பிறகும் நூல்களைப் பார்த்து எழுதுவது ஓயவில்லை. தெற்கிலும் எல்லைப் பிரபுக்களின் நிலங்களிலும் 1536, 1543 இணைப்புச் சட்டங்கள் வரும் வரை வேல்ஸ் சட்டம் வழக்குகளில் புழங்கியது. அரசன் போய்விட்டதால் அரசவைச் சட்டங்களுக்கு வேலையில்லை. பிற்காலச் சுவடிகள் பல அந்தப் பகுதியை விட்டுவிட்டு நேரே நாட்டுச் சட்டங்களில் தொடங்குகின்றன. வாதமுறை, நிலவழக்கு, மும்மைகள் ஆகியவை பெருத்தன. ஒரு சுவடியில் அரசவைச் சட்டங்கள் இல்லையென்றால் தாள் கிழிந்துபோயிற்றா, எழுதியவரே விட்டாரா என்று முதலில் தாள்கட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டு முழுதாக இருந்து பகுதி மட்டும் இல்லையென்றால் அது திருத்தம்.

லத்தீன் எங்கே பொருந்துகிறது? வேல்ஸ் மூலம், லத்தீன் மொழிபெயர்ப்பு என்று எளிதாக நினைத்துவிடுகிறோம். லத்தீன் நூல்களில் கலனஸ், சர்ஹைட் போன்ற வேல்ஸ் கலைச்சொற்கள் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்பது அந்த எண்ணத்துக்கு ஆதரவுதான். கலனஸ் என்பது கொலையுண்டவனின் குலத்துக்குக் கொலைகாரனின் குலம் தரும் ஈடு. ஆனால் லத்தீன் பாடங்களை 1967இல் பதிப்பித்த ஹவெல் எமானுவல், வேல்ஸ் மொழியில் உள்ள ப்ளெகவ்ரிட் நூல் லத்தீன் டி வடிவத்தை ஒத்த ஒரு நூலிலிருந்து பெயர்க்கப்பட்டது என்று காட்டினார். வேல்ஸிலிருந்து லத்தீனுக்கும், லத்தீனிலிருந்து மறுபடி வேல்ஸுக்கும் போக்குவரத்து நடந்திருக்கிறது. ஆகவே ப்ளெகவ்ரிட் நூலில் ஒரு சொல் வித்தியாசமாக இருந்தால், அதைப் பழைய வழக்கு என்று தீர்மானிக்குமுன் லத்தீனைத் திறந்து பாருங்கள். பெயர்த்தவர் தடுமாறிய இடமாகவும் இருக்கலாம்.

இனிப் பிழைகள். மிகுதியாக வருவது கண்தாவல். அடுத்தடுத்த விதிகள் ஒரே சொல்லில் தொடங்குவதாலும் முடிவதாலும் (விலைப்பட்டியல் முழுவதும் அப்படித்தான்) எழுதுபவரின் கண் ஒரு வரியைத் தாண்டிவிடும். எண்களை ரோமன் எழுத்தில் எழுதியதால் ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் தொகை மாறிவிடும். அதனால்தான் பெருக்கிச் சரிபார்க்கக்கூடிய 1024 போன்ற கணக்குகள் நமக்குப் பெரிய உதவி. இரண்டு நூல்களிலிருந்து தொகுத்தவர், ஒரே விதியைச் சிறு வேறுபாட்டோடு இரண்டு இடத்தில் வைத்துவிடுவதும் உண்டு. அப்படி இரட்டித்த விதி கிடைத்தால் மகிழ்ச்சியடையுங்கள். அங்கே இரண்டு மூலநூல்களின் குரலும் தனித்தனியாகக் கேட்கும். எழுத்திலக்கணமும் துப்புத் தரும். பெனியார்த் 29 என்ற எண்ணுள்ள சர்க் கருப்பு நூலின் எழுத்துமுறை வரிக்கு வரி தடுமாறுகிறது. எழுதியவர்களுக்கு வேல்ஸ் மொழி சரியாகத் தெரியாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். பழைய எழுத்துமுறையில் இருந்த மூலத்தைப் புது முறைக்கு மாற்றியபடியே எழுதினார்கள், சில இடத்தில் மாற்றத் தவறினார்கள் என்று பார்த்தால் அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. தடுமாறிய இடங்களில் மூலத்தின் பழமை எட்டிப் பார்க்கிறது.

திருத்தியவருக்கு அவசரமோ அலட்சியமோ இருந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். நூலை நம்பித் தீர்ப்புச் சொன்னவருக்கு ஆபத்து பெரிது. தீர்ப்பு தவறு என்று கட்சிக்காரர் எதிர்த்தால், நீதிபதியும் அவரும் ஒருவருக்கொருவர் பணயம் வைப்பார்கள். எழுதப்பட்ட சட்டநூலில் எதிரான விதியைக் காட்டி நீதிபதி தோற்றால் பதவி போகும், தன் நாவின் விலையையும் கட்ட வேண்டும். உடலின் மற்ற எல்லா உறுப்புகளுக்கும் சேர்த்து எவ்வளவு விலையோ, அவ்வளவு நாவுக்கு மட்டும். அத்தனை உறுப்புக்காகவும் பேசிக் காப்பது நாவல்லவா! இந்த நிலையில் நல்ல நூல் வைத்திருப்பது நீதிபதிக்குக் கவசம். யோர்வெர்த் மூன்று நாட்டிலும் அலைந்து “மிகச் சிறந்த நூல்களை” தேடியதன் காரணம் இங்கே தெரிகிறது. யோர்வெர்த் நூலையே இன்னொருவர் சுருக்கி, மறுவரிசைப்படுத்தி, லத்தீன் நூலிலிருந்தும் எடுத்துச் சேர்த்த திருத்தப் பதிப்பு ஒன்றும் உண்டு. கொலான் நூல் என்று அதற்குப் பெயர். அதே நூற்றாண்டுக்குள் அது வந்துவிட்டது.

பயன்பாட்டின் தடம் கண்ணால் காணக்கூடிய சுவடி ஒன்று, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பாஸ்டன் சுவடி என்று அழைக்கப்படுகிறது. அட்லாண்டிக்கைக் கடந்து போய் மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருந்தது. 2012இல் ஏலத்துக்கு வந்தபோது வேல்ஸ் தேசிய நூலகம் 5,41,250 பவுண்டுக்கு வாங்கி அபெரிஸ்ட்வித்துக்குக் கொண்டுவந்தது. தெற்கு வேல்ஸில் தொழில்புரிந்த ஒருவர் கையில் வைத்துத் திருத்தியும் சேர்த்தும் பயன்படுத்திய சிறு நூல் அது.

அச்சுப் பதிப்புகளில் ஒரு பொறி இருக்கிறது. 1841இல் அனைரின் ஓவன் வெளியிட்ட பெரும் பதிப்பு இன்றும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. ஓவன் சுவடிகளுக்கு இட்ட எழுத்துக்குறிகளை எல்லோரும் இன்றும் பின்பற்றுகிறோம். அவருடைய உழைப்பு மலைக்க வைப்பது. ஆனால் அவர் மூன்று குடும்பங்களுக்கும் க்வினெத் சட்டம், டைவட் சட்டம், க்வென்ட் சட்டம் என்று நாட்டுப் பெயர் சூட்டினார். ஒரு சுவடியை அடியாக வைத்து மற்றவற்றின் வரிகளை நடுவில் செருகினார். அவர் தரும் தொடர்ச்சியான பாடம் எந்தச் சுவடியிலும் அப்படியே இல்லை. இரண்டாம் தொகுதியின் 13ஆம் நூலாக அச்சிட்ட திவ்ன்வல் மொயல்மிட் என்ற பழங்கதை மன்னரின் பெயரிலுள்ள மும்மைகளோ இடைக்காலத்தவையே அல்ல. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழைய நூல்கள் என்று தானே புனைந்து தந்த யோலோ மொர்கன்வுக்கிடமிருந்து வந்தவை. வேல்ஸ் சட்டத்தில் இப்படி ஒரு விதி இருந்தது என்று யாராவது மேற்கோள் காட்டினால், அது அந்த 13ஆம் நூலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தொடங்குவதற்குச் சிறு பகுதி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பூனை விலையை நான் பரிந்துரைப்பேன். யோர்வெர்த் நூலில், பிறந்த இரவிலிருந்து கண் திறக்கும் வரை ஒரு பென்னி, எலி பிடிக்கும் வரை இரண்டு பென்னி, பிடித்த பின் நான்கு பென்னி. தெற்கத்திப் பாடத்தில் அரசனின் களஞ்சியத்தைக் காக்கும் பூனைக்குத் தனிவிதி உண்டு. அதைக் கொன்றவன், தலை கீழாக வால் மேலாகத் தொங்கவிட்ட பூனையின் வால்நுனி மறையும் வரை தானியம் கொட்ட வேண்டும். 1960இல் வந்த யோர்வெர்த் பதிப்பையும், 1942இல் வந்த ப்ளெகவ்ரிட் பதிப்பையும், எமானுவலின் லத்தீனையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எண்ணிட்டு நான்கு பத்தி அட்டவணை போடுங்கள். நான்காம் பத்தி கவ்னெர்த்துக்கு. பொருள் ஒப்பிடுவதற்கு முன்பு வரிசையை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு நூல்களில் பூனைக்கு முன்னும் பின்னும் அதே விலங்குகள் வந்தால் ஒரே சிறு நூலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். வரிசை உடைந்திருந்தால் அந்த உடைப்பில்தான் தொகுத்தவரின் கை இருக்கிறது.